பறப்பவனுக்குப் படியளப்பவர் யார்?

"வானத்திலே பறக்கிறான்; ஓடும் ரயிலை ஒற்றைக் கையாலே நிறுத்துகிறான்; கொள்ளைக்காரர்களைக் கொத்தாகப் பிடித்துக் காவல் நிலையத்து வாசலிலே கொண்டுபோய்ப் போடுகிறான். எல்லாம் சரி. மாதம் முதல் தேதியன்று இவனுக்குச் சம்பளம் கொடுப்பவர் யார்?"

இப்படிக் கேட்டார் ஒரு தோழர். 2025 ஜூலையிலே வெளிவந்த 'சூப்பர்மேன்' படத்தை மகனோடு பார்த்துவிட்டு வந்தவர். இரவு ஷிப்டும் பகல் ஷிப்டுமாக மாறி மாறி உழைத்து உடல் தேய்ந்தவர். பையன் சிரித்தான். பக்கத்திலே இருந்தவர்களும் சிரித்தனர். நாம் சிரிக்கவில்லை. ஏனெனில், கேள்வி கேட்டது அவர் வாய் மட்டுமல்ல, வயிறு! வயிறு கேட்கும் கேள்விக்கு விடை தேடாமல் விட்டுவிடுவது நமக்குப் பழக்கமில்லை.

வீரனுடைய தோள் எவ்வளவு அகலம், வில் எவ்வளவு நீளம் என்று வர்ணிப்பார்கள் கதை சொல்வோர். அவன் வீட்டு அடுப்பு எரிந்ததா, வாடகை கட்டப்பட்டதா என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அமெரிக்க நாட்டுப் படக்கதைகளிலே, காமிக்ஸ் என்று நம் பிள்ளைகள் கூறுகிறார்களே அவற்றிலே, இந்தக் கணக்கு ஆங்காங்கே ஒளிந்து கிடக்கிறது. தேடி எடுத்துப் பார்ப்போம். பார்த்தால், முகமூடி அணிந்த வீரர்களுக்குள்ளும் மாளிகைவாசி உண்டு, மாதச் சம்பளக்காரன் உண்டு, அன்றாடங்காய்ச்சியும் உண்டு என்பது தெரியும்.

முதலில் மாளிகைக்காரர்களை அனுப்பிவிடுவோம். அவர்கள் கணக்கு எளிது. 1939-லே பிறந்தவன் பேட்மேன். வௌவால் வேடம் பூண்டு இரவிலே உலவுகிறவன். பகலிலே அவன் பெயர் புரூஸ் வேய்ன். தாயும் தந்தையும் வழிப்பறிக்காரன் கையாலே மாண்டனர். மகன் பழிவாங்கச் சூளுரைத்தான். உருக்கமான கதைதான், மறுக்கவில்லை. ஆனால் சூளுரைத்த பிள்ளை சோற்றுக்கு என்ன செய்தான்? தந்தை வைத்துவிட்டுப் போன சொத்து இருந்தது. குகைக்கு வாடகை இல்லை. காருக்குத் தவணை இல்லை. கதவு திறந்துவிட ஒரு பணியாள். பகலிலே பாடுபட வேண்டிய கட்டாயம் இல்லாதவனுக்கு இரவிலே ஊர் சுற்றுவதில் என்ன சிரமம்? எட்டு மணி நேரம் இயந்திரத்தின் முன்னே நின்றுவிட்டு, அதற்குமேல் கூரை விட்டுக் கூரை தாவச் சொல்லிப் பாருங்கள், தெரியும்!

இன்னொருவன் 1963-லே வந்த இரும்பு மனிதன், டோனி ஸ்டார்க். அவன் தொழில் ஆயுத வியாபாரம். வியட்நாமிலே தன் ஆயுதங்களைச் சோதிக்கப் போன இடத்திலே காயமுற்று, உயிர் காக்கக் கவசம் செய்துகொண்டான் என்று கதை. உலகைக் காப்பாற்றும் கவசத்துக்கும் உலகை அழிக்கும் குண்டுக்கும் ஒரே கணக்குப் புத்தகம்! இதற்கு மேல் அவனைப்பற்றி நாம் என்ன சொல்ல?

சூப்பர்மேன் விஷயம் வேறு. அவன் வேலைக்குப் போகிறவன். கிளார்க் கென்ட் என்ற பெயரிலே, கண்ணாடி மாட்டிக்கொண்டு, பத்திரிகை ஆபீசிலே நிருபர். பத்திரிகைத் தொழிலிலே இருக்கும் நமக்கு இதிலே சற்றுப் பெருமைதான். வானத்தையே அளப்பவன் வந்து சேர்ந்த உத்தியோகம் நம் உத்தியோகம் அன்றோ! (வேலை நேரத்திலே சொல்லாமல் கொள்ளாமல் காணாமற்போகும் நிருபரை எந்த ஆசிரியர் பொறுத்துக்கொள்வார் என்பது மட்டும் நமக்கு விளங்காத மர்மம்.) ஆயினும் அவனுக்குச் சம்பளம் சோற்றுக்காக அல்ல. எங்கே தீ, எங்கே வெள்ளம், எங்கே அநியாயம் என்ற செய்தி முதலிலே காதில் விழவேண்டும். அதற்காகவே பத்திரிகை ஆபீஸ்.

அந்தச் செய்தியைக் கொண்டு அவன் முதலிலே செய்தது என்ன தெரியுமா? இன்று திரையிலே பார்ப்பதுபோல வேற்றுக் கிரகத்துப் பூதங்களோடு போரிட்டான் என்றே பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இல்லை, தோழர்களே! 1938-லே, அவன் பிறந்த ஆண்டிலேயே, 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' மூன்றாம் இதழிலே வந்த கதையைக் கேளுங்கள்.

ஒரு நிலக்கரிச் சுரங்கம். விபத்து. தொழிலாளி ஒருவன் உள்ளே சிக்கி, உயிர் தப்பினாலும் உடல் முடமாகிறான். நிருபர் கென்ட் அவன் படுக்கையருகே போய்க் கேட்கிறார். சுரங்கத்திலே பாதுகாப்பு இல்லை, சொன்னால் வேலை போய்விடும் என்பது அவனுக்குத் தெரிந்த கதை. முதலாளி பிளேக்லியிடம் போய்க் கேட்கிறார். அலட்சியமான பதில். அன்றிரவு முதலாளி மாளிகையிலே விருந்து. பட்டும் பகட்டும், மதுவும் மயக்கமும். சுரங்கத் தொழிலாளி வேடத்திலே உள்ளே நுழைகிறான் சூப்பர்மேன். பிடிபடுகிறான். "இன்றைய விருந்தைச் சுரங்கத்துக்குள்ளே நடத்தினால் வேடிக்கையாக இருக்குமே!" என்று முதலாளிக்குத் தோன்றுகிறது. சீமான்களும் சீமாட்டிகளும் சிரித்துக்கொண்டே இறங்குகிறார்கள். இறங்கியதும், வழியை இடித்து அடைத்துவிடுகிறான் நம் ஆள்!

அப்போது என்ன நடக்கிறது? அபாய அறிவிப்பு மணி ஒலிக்கவில்லை, வேலை செய்தால்தானே ஒலிக்கும்! காற்று குறைகிறது. மண்வெட்டியை எடுத்து மண்ணை வெட்டிப் பார்க்கிறார்கள், அதுவரை மண்வெட்டியைத் தொட்டறியாதவர்கள். கை கொப்பளிக்கிறது, மூச்சு முட்டுகிறது. இனி எல்லாப் பாதுகாப்பும் செய்து தருகிறேன் என்று முதலாளி வாயாலே வாக்கு வந்த பிறகுதான் வழி திறக்கிறது.

அடுத்த ஆண்டு ஜனவரி இதழிலே சேரிக் குடிசைகளை இவனே இடித்துத் தள்ளுகிறான். ஏன்? இடிந்தால்தான் அரசாங்கம் நல்ல வீடு கட்டிக்கொடுக்கும் என்பதற்காக! சங்கம் கூடிச் செய்யவேண்டியதை ஒருவனே குதித்துச் செய்துவிடுவதிலே நமக்கு முழு உடன்பாடு இல்லை. முதலாளியைச் சுரங்கத்திலே பூட்டினால்தான் புத்தி வரும் என்றால், பூட்டுவதற்கு எல்லா ஊரிலும் சூப்பர்மேன் கிடைப்பானா? ஆனால் அந்தக் கதையை எழுதியவர்களுக்கு ஏழ்மை என்றால் என்ன என்று தெரிந்திருந்தது. எப்படித் தெரிந்திருந்தது என்பதற்குப் பிறகு வருவோம்.

பெண் வீரரையும் விட்டுவிடலாகாது. 1941-லே வந்த ஒண்டர் உமன், அமேசான் நாட்டு அரசகுமாரி டயானா, அமெரிக்காவிலே இறங்கியதும் செய்த முதல் வேலை, மேடையேறி வித்தை காட்டியது. துப்பாக்கிக் குண்டுகளைக் கைவளையாலே தடுத்துக் காட்டினாள், கூட்டம் குவிந்தது, நிகழ்ச்சி நடத்தியவன் வசூலோடு ஓடப் பார்த்தான்! அரசகுமாரி ஆதலால் ஓடிப் பிடித்துவிட்டாள். மற்றக் கலைஞர்கள் எங்கே பிடிப்பது? அந்தப் பணத்தை என்ன செய்தாள்? தன்னைப் போலவே முகச்சாயல் கொண்ட ஒரு நர்ஸ், காதலனோடு தென் அமெரிக்கா போகப் பணமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். அவளுக்குப் பணம் கொடுத்து, அவள் பெயரையும் வேலையையும் பெற்றுக்கொண்டாள். 1942-லே, வீரர்கள் கூடிய 'நீதிச் சங்கம்' அவளைச் சேர்த்துக்கொண்டது. என்ன பதவியிலே? செயலாளர்! மலையைப் பெயர்க்கும் வலிமை உள்ளவளுக்குக் குறிப்பெழுதும் வேலை. ஆண்கள் போருக்குப் போக, அவள் ஆபீசைப் பார்த்துக்கொண்டாள். இதை எழுதியவர்களுக்கு அது தவறாகத் தோன்றவில்லை போலும்!

நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு நெருக்கமானவன் ஒருவன் இருக்கிறான், 1972 முதல் முத்து காமிக்ஸ் வழியே வீடு வீடாக நுழைந்த இரும்புக்கை மாயாவி. அவன் பிரிட்டிஷ் கதையிலே ஆய்வுக்கூட உதவியாளன். விபத்திலே வலக்கை போய் இரும்புக்கை வந்தது. மின்சாரம் பாய்ந்தால் மறையும் சக்தியும் வந்தது. சக்தி வந்ததும் முதலிலே எங்கே போனான்? திருட்டுக்குத்தான்! பிறகு திருந்தி, நிழற்படை என்ற உளவுப் படையிலே சேர்ந்துவிட்டான். அதாவது உத்தியோகம் கிடைத்தது, ஒழுக்கமும் நிலைத்தது. இதைப்பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம்.

இனி நம் ஆளுக்கு வருவோம். நம் ஆள் என்று நாம் உரிமையோடு கூறுவது ஸ்பைடர்மேன் என்னும் பீட்டர் பார்க்கரை. 1962-லே ஸ்டான் லீ, ஸ்டீவ் டிட்கோ என்னும் இருவர் படைத்த பையன். தாய் தந்தை இல்லை. சித்தப்பாவும் சித்தியும் வளர்த்தார்கள். நியூயார்க் நகரத்துக் குயின்ஸ் பகுதியிலே சிறு வீடு. சிலந்தி கடித்து அபார சக்தி வருகிறது. அந்தப் பையன் அந்தச் சக்தியைக் கொண்டு முதலிலே செய்தது என்ன? மல்யுத்தக் கொட்டகைக்குப் போனான். மூன்று நிமிடம் தாக்குப்பிடித்து நின்றால் 100 டாலர் பரிசு என்று விளம்பரம். வென்றான். பிறகு தொலைக்காட்சியிலே வித்தை. ஆம், முதலிலே பிழைப்பு! அப்போது ஒரு திருடன் ஓடுகிறான். துரத்தி வந்த காவலர் "பிடி" என்கிறார். அது உன் வேலை, நான் ஏன் பிடிக்கவேண்டும் என்று ஒதுங்கிவிடுகிறான். அந்தத் திருடனே பின்னர் சித்தப்பாவைச் சுட்டுக் கொன்றுவிடுகிறான். பிறகுதான் பையன் வீரனானான்.

வீரனானது சரி, சம்பாதித்துப் போட்ட மனிதர் போய்விட்டாரே, வீடு எப்படி நடக்கும்? 1963 மார்ச் தேதியிட்ட முதல் தனி இதழிலே இதுதான் பிரச்சினை. வீட்டுக்காரர் வாடகைக்கு நிற்கிறார். சித்தி தன் நகையை அடகுக்கடைக்கு எடுத்துப் போவதைப் பையன் பார்த்துவிடுகிறான். தோழர்களே, எந்த நாட்டுக் கதை இது? கடலுக்கு அப்பாலிருந்து வந்த கதை என்கிறார்கள். கழுத்திலிருந்து நகையைக் கழற்றும் அந்தக் காட்சியை நாம் வேறெங்கும் கண்டதே இல்லையா?

பையன் மீண்டும் மேடையேறிச் சம்பாதிக்கிறான். கூலியை ரொக்கமாகத் தராமல் செக்காகத் தருகிறார் நிகழ்ச்சி நடத்துபவர். செக்கிலே பெயர்? ஸ்பைடர்மேன்! முகமூடியோடு வங்கிக்குப் போய் நீட்டுகிறான். அடையாள அட்டை இருக்கிறதா என்கிறார் குமாஸ்தா. இந்த உடைதான் அடையாளம் என்கிறான். உடையை யார் வேண்டுமானாலும் தைத்துப் போட்டுக்கொள்ளலாமே என்கிறார் அவர். குமாஸ்தா பேரிலே குற்றமில்லை, விதி அப்படி. சுவரிலே ஏறத் தெரிந்தவனுக்கு வங்கிக் கவுண்டரைத் தாண்டத் தெரியவில்லை! உழைத்தாயிற்று, கூலியும் எழுதப்பட்டாயிற்று, ஆனால் காசு கையிலே வரவில்லை.

அதே இதழிலே அவன் 'நால்வர் அணி' என்ற வீரர் கூட்டத்தாரிடம் போய் வேலை கேட்கிறான். பெரிய கட்டடம், பறக்கும் வண்டி எல்லாம் வைத்திருக்கிறார்களே, நல்ல சம்பளம் தருவார்கள் என்று நம்பி. இங்கே சம்பளமும் கிடையாது, போனசும் கிடையாது, இது இலாபம் கருதாத அமைப்பு என்று கையை விரித்துவிடுகிறார்கள். "பொதுத்தொண்டுக்குக் கூலி கேட்கலாமா?" என்று கேட்பவர் எல்லா நாட்டிலும் உண்டு போலும்! கேட்பவர் வயிறு மட்டும் எப்போதும் நிறைந்திருக்கும். இத்தனைக்கும் இந்த நால்வர் அணிதான், மூன்று மாதத்துக்கு முந்தைய தேதியிட்ட தங்கள் இதழிலே, தலைவர் பங்குச் சந்தையிலே போட்ட பணமெல்லாம் போய், கடன்காரர் சூழ, வழியிலே போகிற வண்டியிலே தொற்றிக்கொண்டு ஹாலிவுட்டுக்குப் போய்ச் சினிமாவிலே நடிக்க ஒப்புக்கொண்டவர்கள்! பசி தீர்ந்தவுடன் பசித்தவனை மறந்துவிட்டார்கள்.

கடைசியிலே பையனுக்கு ஒரு வழி கிடைத்தது. தான் சண்டை போடுவதைத் தானே படமெடுத்துப் பத்திரிகைக்கு விற்றான். முதல் படங்களுக்குக் கிடைத்த பணத்திலே ஓராண்டு வாடகையைக் கட்டிச் சித்தியின் சமையலறைக்குப் புதுச் சாமான்களும் வாங்கினான் என்பதைப் படிக்கும்போது நமக்கே நிம்மதியாக இருக்கிறது. ஆனால் வாங்கியவர் யார்? ஜேம்சன் என்ற பத்திரிகை முதலாளி. ஸ்பைடர்மேனைச் சமூக விரோதி என்று தலையங்கம் தீட்டுபவர். தன்னைத் தூற்றும் தலையங்கத்துக்குத் தானே படம் பிடித்துக் கொடுத்து அரிசி வாங்கவேண்டிய நிலை! அதுவும் மாதச் சம்பளமா? இல்லை. பீஸ் ரேட். படம் கொண்டுவந்தால் காசு. காய்ச்சலில் படுத்தால் பட்டினி. முதலாளி சொல்வதுதான் விலை.

2004-லே வந்த இவனுடைய இரண்டாவது திரைப்படத்திலே பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. 29 நிமிடத்துக்குள் சேர்க்கவேண்டும் என்பது கடையின் உறுதிமொழி. வழியிலே லாரிக்கு முன் ஓடிய குழந்தைகளைக் காப்பாற்றுகிறான். தாமதம். வேலை போயிற்று! உயிரைக் காத்ததற்கு அந்தக் கடையிலே கணக்கு எழுதும் பத்தி இல்லை. இன்று முதுகிலே பெட்டியைச் சுமந்து, கைப்பேசியிலே ஓடும் நிமிடத்தைப் பார்த்துப் பார்த்து நம் தெருக்களிலே பறக்கிறார்களே பிள்ளைகள், அவர்களைக் கேளுங்கள், அந்தக் காட்சியின் பொருளைச் சொல்வார்கள்.

கூலியை வெட்கப்படாமல் கேட்டவன் ஒருவன் உண்டு. 1972-லே வந்த லூக் கேஜ். நியூயார்க்கின் ஹார்லம் பகுதியிலே வளர்ந்த கறுப்பின மனிதன். செய்யாத குற்றத்துக்குச் சிறை. சிறையிலே அவன் உடலை வைத்து நடத்தப்பட்ட சோதனையிலே தோல் இரும்பாயிற்று. வெளியே வந்தவன் 42-ஆம் தெருவிலே ஒரு கொட்டகைக்கு மேல்மாடியிலே அறை பிடித்து, கூலிக்கு வீரன் என்றே பெயர் போட்டுக்கொண்டான். "வீரத்தை விற்கிறானே!" என்று முகம் சுளிப்போர் இருக்கலாம். நாம் சுளிக்கவில்லை. மாளிகை விட்டுச் சென்ற தந்தை இல்லை அவனுக்கு. முன்னோர் சேர்த்த சொத்து இல்லை. முன்னோரே பிறர் சொத்தாக விற்கப்பட்ட இனத்திலே வந்தவன்! அவனிடம் இருந்தது தோள் ஒன்று. தோளை வாடகைக்கு விட்டான். நாம் அனைவரும் செய்வது வேறென்ன?

டூம் என்ற கொடுங்கோல் மன்னன் அவனுக்கு வேலை கொடுத்தான். வேலை முடிந்ததும் 200 டாலர் கூலியைத் தராமல் தன் நாட்டுக்குப் போய்விட்டான். உலகமே நடுங்கும் மன்னன். 200 டாலர் சின்னத் தொகை, போனால் போகிறது என்று விட்டானா லூக் கேஜ்? 1973-லே வந்த அந்தக் கதையிலே, நால்வர் அணியிடம் பறக்கும் வண்டியை இரவல் வாங்கி, கடல் கடந்து, மன்னன் கோட்டைக்குள்ளே புகுந்து, அடித்து நொறுக்கி, 200 டாலரை வாங்கிக்கொண்டுதான் திரும்பினான். உலகைக் காக்கும் கதைகள் ஆயிரம் உண்டு. பாக்கிச் சம்பளத்தை வசூலிக்கும் கதை நமக்குத் தெரிந்து இது ஒன்றுதான். நம்மைக் கேட்டால் வீரத்திலே இது எதற்கும் குறைந்ததல்ல.

இவ்வளவும் காகிதத்திலே வரைந்த மனிதர்களின் பிழைப்பு. காகிதத்திலே வரைந்தார்களே, அந்த மனிதர்களின் பிழைப்பு என்னவாயிற்று? தோழர் கேட்ட கேள்விக்கு நாம் விடை தேடப் போனபோது, நம்மை உலுக்கி நிறுத்தியது இந்தப் பக்கந்தான்.

ஜெர்ரி சீகல், ஜோ ஷுஸ்டர். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்திலே ஒரே பள்ளியிலே படித்த இரு யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். இருவரும் 1914-லே பிறந்தவர்கள். சீகலின் தந்தை பழைய துணிக்கடை வைத்திருந்தவர். 1932-லே கடையிலே திருட்டு நடந்தபோது விழுந்து இறந்தார். குண்டு துளைக்காத மனிதனைப்பற்றி மகன் கனவு கண்டதிலே வியப்பு உண்டோ? ஷுஸ்டர் சிறுவனாக இருந்தபோது கனடாவின் டொராண்டோ நகரத்திலே 'டெய்லி ஸ்டார்' பத்திரிகையைத் தெருவிலே விற்றவர். சூப்பர்மேன் வேலை பார்த்த பத்திரிகைக்குத் தொடக்கத்திலே அந்தப் பெயரையே சூட்டினார். படம் வரையத் தாள் வாங்கக் காசில்லை. பொட்டலம் கட்டும் தாளிலும் சுவருக்கு ஒட்டும் தாளின் பின்புறத்திலும் வரைந்தார். கணப்பு இல்லாத வீட்டிலே, குளிர் தாங்காமல் கையுறை போட்டுக்கொண்டு வரைந்தார்.

பல ஆண்டுகள் பதிப்பாளர் படிகளிலே ஏறி இறங்கினார்கள். யாரும் வாங்கவில்லை. 1938 மார்ச்சிலே ஒரு நிறுவனம் வாங்கிற்று. 13 பக்கம்; பக்கத்துக்கு 10 டாலர்; ஆக 130 டாலர். அந்த 130 டாலருக்கு அவர்கள் விற்றது 13 பக்கத்தை மட்டுமல்ல. சூப்பர்மேன் என்ற பெயர், உருவம், கதை, வருங்காலம் எல்லாவற்றையும், என்றென்றைக்குமாக!

"விரும்பித்தானே கையெழுத்திட்டார்கள்? கட்டாயப்படுத்தினவர் யார்?" என்று கேட்பார்கள் சட்டம் பேசுவோர். அச்சடித்தவன் போட்ட முதலுக்கு ஆபத்து இல்லையா என்றும் கேட்பார்கள். இருந்தது, அதற்கு இலாபம் வேண்டியதுதான். வேலை இருந்தவரை இருவருக்கும் பக்கக் கூலி கிடைத்தது, மோசமாகவும் இல்லை. அதை மறைக்கவேண்டிய அவசியம் நமக்கு இல்லை. ஆனால் 23 வயது, வீட்டிலே வறுமை, வருடக்கணக்காக மூடியே இருந்த கதவு. அது ஒரு விரற்கடை திறக்கும்போது, வாசற்படியிலே நின்றுகொண்டு பத்திரத்தின் ஷரத்துகளைப் படிப்பவன் எத்தனை பேர்? பசி கையெழுத்துப் போட்டது. பேனாவை மட்டும் அவர்கள் பிடித்திருந்தார்கள்.

1947-லே வழக்குத் தொடுத்தார்கள். 1948-லே ஏறத்தாழ 94,000 டாலருக்குச் சமரசம். வேலையும் போயிற்று, கதையின் தலைப்பிலிருந்து பெயரும் போயிற்று. சூப்பர்மேன் வானொலியிலே பேசினான், திரையிலே பறந்தான், தொலைக்காட்சியிலே தோன்றினான். அவனைப் பெற்றவர்கள் பெயர் எங்கும் இல்லை. 1975-லே, மாபெரும் செலவிலே சூப்பர்மேன் படம் எடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது, சீகல் லாஸ் ஏஞ்சலீசிலே ஆண்டுக்கு ஏறத்தாழ 7,000 டாலர் சம்பளத்திலே தட்டச்சுக் குமாஸ்தா. ஷுஸ்டர் பார்வை மங்கி, நியூயார்க்கிலே உடன்பிறந்தார் ஆதரவிலே. அந்தப் படத்திலே சூப்பர்மேனுக்குத் தந்தையாகச் சில நிமிடம் தோன்றிய மார்லன் பிராண்டோவுக்கு 37 இலட்சம் டாலர்! உண்மையிலே பெற்ற தந்தையர் இருவருக்கு? ஒன்றுமில்லை.

சீகல் பொறுக்கவில்லை. பக்கம் பக்கமாக அறிக்கை எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். படம் நாசமாகட்டும் என்று சபித்தார். சாபத்தாலே ஒன்றும் ஆகவில்லை. சக தொழிலாளிகள் வந்தார்கள், அதனாலே ஆயிற்று! நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் ஆகிய ஓவியர்கள் முன்னே நின்றார்கள். கேலிச்சித்திரக்காரர்களின் சங்கங்கள் பின்னே நின்றன. பத்திரிகையும் தொலைக்காட்சியும் பேசத் தொடங்கின. 1975 டிசம்பரிலே நிறுவனம் இறங்கிவந்தது: இருவருக்கும் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர், கதையிலே மீண்டும் பெயர். எந்தச் சூப்பர்மேனும் பறந்துவந்து வாங்கிக்கொடுத்ததல்ல இது. பென்சில் பிடிக்கும் கைகள் ஒன்றாகச் சேர்ந்து வாங்கிக்கொடுத்தது.

பேட்மேனைப் பாப் கேனோடு சேர்ந்து உருவாக்கிய பில் ஃபிங்கருக்கு அதுவும் வாய்க்கவில்லை. கேன் பெயர் மட்டுமே பொறிக்கப்பட்டது. ஃபிங்கர் 1974-லே ஏழையாகவே மாண்டார். அவர் பெயர் அதிகாரபூர்வமாக ஏறியது 2015-லே. மாளிகைவாசி வீரனை எழுதியவர் கதி அது! நால்வர் அணியை ஸ்டான் லீயோடு படைத்த ஜாக் கெர்பி பக்கக் கூலிக்காரர். தம் கையாலே வரைந்த மூலப் படங்களைத் திருப்பிக் கேட்டபோது, மற்ற ஓவியர்களுக்கு ஒரு பக்கப் பத்திரம் நீட்டிய நிறுவனம் அவருக்கு மட்டும் நான்கு பக்கப் பத்திரம் நீட்டியது. நெடும் போராட்டத்துக்குப் பின் 1987-லே ஏறத்தாழ 2,000 பக்கம் திரும்பி வந்தது. வரைந்ததோ பத்தாயிரத்துக்கு மேல். 1994-லே மறைந்தார். 2009-லே அந்த நிறுவனத்தை டிஸ்னி வாங்கிய விலை 400 கோடி டாலர்.

ஷுஸ்டர் 1992-லே இறந்தார், சீகல் 1996-லே. 2024-லே சூப்பர்மேன் முதன்முதல் தோன்றிய அந்த 1938-ஆம் ஆண்டு இதழின் ஒரு பிரதி 60 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அப்போது அதன் விலை 10 சென்ட்.

அந்த 130 டாலருக்குக் கொடுத்த செக்கும் கிடைத்துவிட்டது. வேறு சில பக்கங்களுக்கான கூலியும் சேர்த்து மொத்தம் 412 டாலருக்கு எழுதப்பட்ட செக். ஸ்பைடர்மேன் வங்கியிலே பட்ட பாட்டைப் பார்த்தோமே, அது 25 ஆண்டுகளுக்கு முன்னரே இவர்களுக்கு நடந்திருக்கிறது. செக்கிலே இருவர் பெயரையும் நிறுவனம் பிழையாக எழுதியிருந்தது! எனவே பின்புறத்திலே இருவரும் இரண்டிரண்டு முறை கையெழுத்திட்டிருக்கிறார்கள்: ஒரு முறை முதலாளி எழுதிய பெயரிலே, இன்னொரு முறை தாயும் தந்தையும் வைத்த பெயரிலே. 2012-லே அந்தச் செக்கை ஏலத்திலே எடுத்தவர் கொடுத்த விலை 1,60,000 டாலர்.